உடம்புக்கு ஒரு டாக்டர், மனசுக்கு ஒரு டாக்டர்.. ரெண்டு பேரும் பேசிக்கிறாங்களா? டெல்டாவில் மனநல சிகிச்சை எங்கே அறுந்து போகிறது?

"தூக்கமே வரல டாக்டர்", "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "ஒரு வேலையும் ஓடல, உடம்பெல்லாம் அசதி". எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஓ.பி.யில் போய் நின்றாலும் ஒரு மணி நேரத்துக்குள் இந்த மூன்றையும் கேட்டுவிடலாம். இப்படிச் சொல்பவர்களில் சிலருக்கு ரத்தசோகை, சிலருக்கு தைராய்டு, சிலருக்கு சர்க்கரை. இன்னும் சிலருக்கு மனச்சோர்வு. ஆனால் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லி யாரும் சீட்டு வாங்குவதில்லை.

முதலில் பார்ப்பது ஊர் டாக்டர். மனநல மருத்துவர் இருப்பதோ மாவட்டத் தலைநகரில். இந்த இருவருக்கும் நடுவில் நோயாளி என்ன ஆகிறார்? சிகிச்சை எங்கே நின்று போகிறது? சரிசெய்ய வழி இருக்கிறதா? திருவாரூர் மாவட்டம் குடவாசலை உதாரணமாக வைத்து விரிவாகப் பார்க்கலாம்.

பிரச்னை எவ்வளவு பெரியது?

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. அதில் தமிழ்நாடும் ஒன்று. கணக்கெடுத்த நேரத்தில் பெரியவர்களில் சுமார் 10.6 சதவிகிதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. அதாவது பத்துப் பேரில் ஒருவருக்கு.

அதைவிட முக்கியமான எண் இன்னொன்று. பாதிப்பு இருந்தும் சிகிச்சை கிடைக்காதவர்கள், நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவிகிதம் வரை. சர்க்கரை நோய்க்கோ, பி.பி.க்கோ இப்படி ஒரு கணக்கு வந்திருந்தால் ஊரே பேசியிருக்கும்.

காரணம் என்ன? டாக்டர் பற்றாக்குறை ஒன்று. இந்தியாவில் 1 லட்சம் பேருக்கு 1 மனநல மருத்துவர் கூட இல்லை. இருப்பவர்களிலும் பெரும்பாலானோர் நகரங்களில். எல்லாக் கிராமத்துக்கும் ஒரு மனநல மருத்துவர் என்பது இன்னும் பல ஆண்டுகளுக்கு நடக்கப்போவதில்லை. அப்படியென்றால் மிஞ்சும் வழி, இருக்கும் ஊர் டாக்டரையும் தூரத்தில் இருக்கும் ஸ்பெஷலிஸ்ட்டையும் ஒழுங்காக இணைப்பது.

குடவாசலில் இருந்து பார்த்தால்..

கும்பகோணம் - திருவாரூர் சாலையில் இருக்கும் தாலுகா தலைநகர் குடவாசல். சுற்றிலும் நெல் வயல். நிர்வாக ரீதியாக திருவாரூர் மாவட்டம். திருவாரூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2010 முதல் இயங்குகிறது. ஆனால் குடவாசல் சுற்றுவட்டாரத்தில் பலருக்குக் கடை, கல்யாணச் சாமான், ஸ்கேன் என எல்லாமே கும்பகோணம்தான். அது தஞ்சாவூர் மாவட்டம். பெரிய வைத்தியம் என்றால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குப் போவதும் உண்டு.

ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்வோம். 48 வயது அம்மா ஒருவர். நடவு, களை எடுப்பு என்று வயல் வேலைக்குப் போகிறவர். 6 மாதமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சத்து மாத்திரை, வலி மாத்திரை கொடுக்கிறார்கள். மூன்றாவது முறை போகும்போது டாக்டருக்குச் சந்தேகம் வருகிறது. "திருவாரூர் ஜி.ஹெச். போய் மனநலப் பிரிவுல காட்டுங்க" என்று ஒரு சீட்டு எழுதித் தருகிறார்.

அந்தச் சீட்டுக்கு அப்புறம் என்ன நடக்கும்? பெரும்பாலும் மூன்று இடங்களில் நூல் அறுகிறது.

முதல் இடம், வீடு. 'மனநலப் பிரிவு' என்று எழுதியிருப்பதைப் பார்த்ததுமே, "எனக்கென்ன பைத்தியமா?" என்ற கோபம். பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீடாக இருந்தால் சீட்டு அலமாரியிலேயே இருந்துவிடும். போக வேண்டும் என்று முடிவெடுத்தாலும் ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் சேர்ந்து போகும்.

இரண்டாவது இடம், இரண்டாம் வாரம். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் காய்ச்சல் மாத்திரை மாதிரி அன்றே வேலை செய்யாது. பலன் தெரிய 2 முதல் 4 வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஆனால் வாய் உலர்தல், குமட்டல், மந்தம் போன்ற பக்க விளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடலாம். தொல்லை முதலில், பலன் பிறகு. இதை யாரும் எடுத்துச் சொல்லாவிட்டால், "மாத்திரை ஒத்துக்கல" என்று நிறுத்திவிடுவது இயல்புதானே?

மூன்றாவது இடம், திரும்பி வரும் வழி. திருவாரூரில் என்ன நோய் என்று சொன்னார்கள், என்ன மாத்திரை தொடங்கினார்கள், எத்தனை மாதம் சாப்பிட வேண்டும் என்ற தகவல் சீட்டு எழுதிய ஊர் டாக்டருக்கு வந்து சேர வேண்டும். வராவிட்டால் அடுத்த முறை அவர் பி.பி. மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார். கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ காட்டியிருந்தால் மாவட்டமே வேறு. அங்கே எழுதியது இங்கே வருவது இன்னும் கஷ்டம்.

இதில் யாரும் வேலையில் குறை வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஊர் டாக்டர் சரியாகக் கண்டுபிடித்தார். ஸ்பெஷலிஸ்ட் சரியாக எழுதிக் கொடுத்தார். அப்படியும் சிகிச்சை நின்றுவிட்டது.

அரசுத் திட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இந்தச் சிந்தனை புதிதில்லை. தேசிய மனநலத் திட்டம் 1982-ல் தொடங்கியது. மனநல சிகிச்சையைப் பெரிய மருத்துவமனைச் சுவருக்குள் வைக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தோடு சேர்க்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. அது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று நிம்ஹான்ஸ் 1980-களில் கர்நாடகாவின் பெல்லாரி மாவட்டத்தில் சோதித்துப் பார்த்தது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி, கையில் அடிப்படை மருந்துகள், மாவட்ட அளவில் ஒரு மனநலக் குழு. அந்த அனுபவத்தின் மேல்தான் 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 1997-ல் திருச்சியில் தொடங்கி, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது.

நடுவில் ஒரு பெரும் துயரம். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க முடியாமல் இறந்தார்கள். ஊரில் சிகிச்சை கிடைக்காததால் நேர்ச்சைக்காகக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் பலர். பிற்பாடு அதே ஏர்வாடியில் தர்காவின் பிரார்த்தனையையும் அரசு மனநல சிகிச்சையையும் ஒன்றாகக் கொண்டுபோகும் 'தவா - துவா' முயற்சி தொடங்கியது. தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. நம்பிக்கையோடு வருபவரை விரட்டாமல் அந்த இடத்திலேயே டாக்டரையும் பார்க்க வைப்பது. ஒருங்கிணைப்பு என்பது டாக்டர்களுக்கு நடுவில் மட்டும் நடக்க வேண்டிய விஷயம் இல்லை என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அடுத்து சட்டம். மனநல பராமரிப்புச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. அரசின் மனநல சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது அது. ஆரம்ப நிலை உட்பட எல்லா நிலைகளிலும் பொது மருத்துவத்தோடு மனநல சேவையைச் சேர்க்க வேண்டும், அரசு டாக்டர்களுக்கு அடிப்படை மனநல சிகிச்சையில் பயிற்சி தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஆக, "ஊர் ஆஸ்பத்திரியிலேயே மனசுக்கும் பார்க்கணும்" என்று கேட்பது சலுகை கேட்பதில்லை. சட்டம் ஏற்கெனவே கொடுத்ததைக் கேட்பதுதான்.

அனுப்பி வைப்பதும் சேர்ந்து பார்ப்பதும் ஒன்றா?

இல்லை. குழப்பம் இங்கேதான்.

'ரெஃபர்' என்றால் நோயாளியைக் கைமாற்றி விடுவது. என் வேலை முடிந்தது, இனி அவர் பாடு. 'கூட்டு சிகிச்சை' என்றால் நோயாளி ஊர் டாக்டரிடமே இருப்பார். ஸ்பெஷலிஸ்ட்டின் யோசனை அவரைத் தேடி வரும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வளர்த்தெடுத்த முறை இது. 2002-ல் வெளியான அவர்களின் பெரிய ஆய்வில் 60 வயதுக்கு மேற்பட்ட 1,801 பேர் இருந்தார்கள். ஓராண்டு முடிவில், கூட்டு சிகிச்சை பெற்றவர்களில் 45 சதவிகிதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் பாதியாகவோ அதற்கும் கீழோ குறைந்திருந்தன. வழக்கமான சிகிச்சையில் இது 19 சதவிகிதம் மட்டுமே.

இதில் நாலு பேருக்கு வேலை இருக்கிறது.

* நோயாளி: எப்படி இருக்கிறது என்று சொல்பவர், எந்த சிகிச்சை என்பதில் முடிவெடுப்பவர்.
* ஊர் டாக்டர்: மாத்திரை எழுதுவது, சர்க்கரை, பி.பி. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது.
* ஒருங்கிணைப்பாளர்: நர்ஸாகவோ, சமூகப் பணியாளராகவோ, பயிற்சி பெற்ற ஊழியராகவோ இருக்கலாம். போன் போட்டு, "மாத்திரை சாப்பிடறீங்களாம்மா? தூக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்பவர்.
* மனநல மருத்துவர்: எல்லா நோயாளியையும் நேரில் பார்க்க மாட்டார். வாரம் ஒருமுறை ஒருங்கிணைப்பாளரோடு உட்கார்ந்து பட்டியலைப் பார்ப்பார். யாருக்கு முன்னேற்றம் இல்லையோ அவர்களுக்கு என்ன மாற்றலாம் என்று ஊர் டாக்டருக்குச் சொல்வார். ரொம்பச் சிக்கலானவர்களை மட்டும் நேரில் வரச் சொல்வார்.

ஒரு மனநல மருத்துவர் ஒரு மணி நேரத்தில் நேரில் பார்க்கக்கூடியவர்களைவிடப் பல மடங்கு பேரை இந்தப் பட்டியல் வழியாகக் கவனித்துவிடலாம். ஆள் பற்றாக்குறை உள்ள ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறென்ன?

மனசை எப்படி அளப்பது?

பி.பி.க்கு மெஷின் இருக்கிறது. மனச்சோர்வுக்கு? அதற்கும் ஒரு அளவுகோல் உண்டு. பெயர் பி.ஹெச்.க்யூ-9. கடந்த 2 வாரத்தில் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா, தூக்கம் கெட்டதா, பசி குறைந்ததா, நம்மால் குடும்பத்துக்கே பாரம் என்று தோன்றியதா என 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10-ஐத் தாண்டினால் டாக்டர் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பது. அதற்கு 'ஆம்' என்று பதில் வந்தால் மொத்த மதிப்பெண் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, அன்றே பேச வேண்டும்.

இந்தக் கேள்வித்தாள் மட்டும் நோயை உறுதி செய்யாது. ஆனால் ஒரு வசதி இருக்கிறது. குடவாசலில் 17 என்று எழுதினால் திருவாரூரில் இருப்பவருக்கும் அதே 17 புரியும். 6 வாரம் கழித்து அது 9 ஆனால் மருந்து வேலை செய்கிறது. 16-லேயே நின்றால் மாற்ற வேண்டும். இரண்டு டாக்டர்களும் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி கிடைத்துவிடுகிறது.

நம்ம ஊரில் இது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, சென்னையிலேயே. மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷன், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகம், வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்து 'இண்டிபெண்டன்ட்' என்ற ஆய்வை நடத்தின. சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் என 4 இடங்களில் உள்ள சர்க்கரை நோய் சிகிச்சை மையங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாத, கூடவே மனச்சோர்வும் உள்ள 404 பேர்.

ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு முதல் 12 மாதம் கூட்டு சிகிச்சை. டாக்டர் அல்லாத ஒருங்கிணைப்பாளர் தொடர்ந்து பேசினார். ஸ்பெஷலிஸ்ட்டுகள் அவ்வப்போது பட்டியலைப் பார்த்து ஆலோசனை சொன்னார்கள். 24 மாதம் கழித்து அளந்தபோது, மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, சர்க்கரை, பி.பி., கொழுப்பு ஆகியவற்றில் குறைந்தது ஒன்றிலாவது முன்னேற்றம் கண்டவர்கள் கூட்டு சிகிச்சையில் 71.6 சதவிகிதம். வழக்கமான சிகிச்சையில் 57.4 சதவிகிதம். 2020-ல் முடிவு வெளியானது. கூடுதல் கவனிப்பு 12 மாதத்தோடு முடிந்தும் பலன் 24-ம் மாதத்திலும் தெரிந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இதற்கு முன்பே கோவாவில் 'மானஸ்' என்ற ஆய்வு நடந்தது. உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆலோசகர்களாக உட்கார வைத்தார்கள். மனநலப் படிப்பு எதுவும் படித்தவர்கள் இல்லை. 2010-ல் வெளியான முடிவின்படி, அரசு சுகாதார நிலையங்களில் நல்ல பலன் தெரிந்தது. தனியார் கிளினிக்குகளில் அப்படித் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. கூட்டம் அதிகம், பேச நேரம் குறைவு என்று இருக்கும் இடத்தில்தான் ஆற அமர உட்கார்ந்து பேசும் ஒரு ஆளின் அருமை தெரியும்போல.

ரெண்டு டாக்டரும் பேசிக்கொள்ளாவிட்டால் என்ன ஆபத்து?

"மாத்திரை நின்னுபோகும், அவ்ளோதானே" என்று நினைக்க வேண்டாம். உடம்புக்கே ஆபத்து வரலாம். சில உதாரணங்கள்.

லித்தியம்: மனநிலை ஏறி இறங்கும் இருதுருவ நோய்க்குப் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்படும் மருந்து. நல்ல மருந்துதான். ஆனால் ரத்தத்தில் அதன் அளவு கூடினால் விஷமாகும். உடம்பில் நீர்ச்சத்து குறைந்தால் அளவு கூடும். சில பி.பி. மாத்திரைகளும் சில வலி மாத்திரைகளும் சேர்ந்தால் கூடும். குறுவை நடவு நேரத்து வெயிலில் நாள் முழுக்க வயலில் நிற்கும் ஒருவர், முழங்கால் வலிக்குக் கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது நம்ம பக்கம் சாதாரணம். அவர் லித்தியம் எடுப்பது ஊர் டாக்டருக்கும் தெரியாது, மருந்துக் கடைக்காரருக்கும் தெரியாது என்றால்? கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். லித்தியம் எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் மருந்தின் அளவு, சிறுநீரகம், தைராய்டு மூன்றையும் குறிப்பிட்ட இடைவெளியில் பார்க்க வேண்டும்.

மனச்சிதைவுக்கான சில மருந்துகள்: எடையையும் சர்க்கரையையும் கூட்டக்கூடியவை. எழுதுவது மனநல மருத்துவர், ஊரில் சர்க்கரை பார்ப்பது வேறு டாக்டர். மருந்தின் பெயர் தெரியாவிட்டால், "நீங்க இனிப்பு நிறுத்தலையா?" என்று நோயாளியைத்தான் திட்டுவார்கள்.

தைராய்டும் ரத்தசோகையும்: இவை மனச்சோர்வு மாதிரியே தெரியும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுவதைப் பார்க்காமல் மாதக்கணக்கில் மனநல மாத்திரை கொடுப்பதும் தவறு. ஊர் டாக்டர் முதலிலேயே பார்த்து எழுதி அனுப்பினால் அலைச்சல் மிச்சம்.

தூக்க மாத்திரை: ஒரே ஆள் இரண்டு இடத்தில் காட்டி, இரண்டு இடத்திலும் தூக்க மாத்திரை வாங்கிவிடலாம். மதுப்பழக்கமும் சேர்ந்தால் மூச்சே அடங்கும் அளவுக்குப் போகலாம்.

தூரத்தை எப்படிக் குறைப்பது?

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த ஸ்கார்ஃப் அமைப்பு 2010 வாக்கில் அங்கே ஒரு பஸ்ஸை இறக்கியது. பஸ்ஸுக்குள் ஒரு திரை, ஒரு கேமரா, ஒரு சின்ன மருந்தகம். கிராமத்தில் பஸ் நிற்கும். நோயாளி உள்ளே போய் உட்கார்ந்தால் சென்னையில் இருக்கும் மனநல மருத்துவர் திரையில் பேசுவார். அவர் எழுதும் மாத்திரை அங்கேயே கிடைக்கும். வீடியோ காலில் டாக்டர் என்பது பலருக்கும் கேள்விப்படாத விஷயமாக இருந்த காலம் அது. ஊர்க்காரர்களோடு பழகிய களப்பணியாளர்கள் கூடவே இருந்ததால்தான் அது நடந்தது. திரை மட்டும் போதாது, தெரிந்த முகமும் வேண்டும்.

இப்போது அரசு அளவில் 'டெலி மானஸ்' இருக்கிறது. 2022 அக்டோபர் 10-ம் தேதி, உலக மனநல நாளில் நாடு முழுக்கத் தொடங்கப்பட்டது. எண் 14416. தமிழ்நாட்டில் இதற்கு 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்று பெயர். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல நிபுணருக்கு இணைப்பார்கள், நேரில் பார்க்க வேண்டியவர்களை மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ வழிகாட்டுவார்கள். கர்நாடகாவில் நிம்ஹான்ஸ், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்காகவே ஒரு டிப்ளமோ நடத்துகிறது. டாக்டர் தன் ஓ.பி.யில் நோயாளியோடு இருக்கும்போதே மனநல மருத்துவர் வீடியோவில் வந்து கூடவே பார்த்துக் கற்றுத்தருவார்.

டெல்டாவில் ஏன் இது அவசரம்?

2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவிகிதம் குறைவாகப் பெய்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்த மாதங்களில் டெல்டாவில் இருந்து விவசாயிகள் மரணச் செய்திகள் அடுத்தடுத்து வந்தன. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. திருவாரூர் மாவட்டமும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. இங்கே மழை வராவிட்டாலும் கஷ்டம், வந்து நின்றுவிட்டாலும் கஷ்டம். மேட்டூர் ஜூன் 12-ல் திறக்குமா என்ற கேள்வியிலேயே ஒரு வருஷத்துத் தூக்கம் அடங்கியிருக்கிறது.

கடன், பயிர் இழப்பு எல்லாவற்றையும் மாத்திரையால் தீர்க்க முடியாது. இன்சூரன்ஸ் பணமும் நிவாரணமும் நேரத்துக்கு வருவதும் மனநல சிகிச்சைதான் என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் கடனோடு மனச்சோர்வும் சேரும்போது, மீள வழியே இல்லை என்று மனசு பொய் சொல்லத் தொடங்கும். அந்த இடத்தில் சிகிச்சை உயிரைக் காப்பாற்றும்.

இன்னொன்று, விவசாய வீடுகளில் பூச்சிமருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில், சினேகா அமைப்பை நிறுவிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும் ஒரு முயற்சி செய்தார்கள். வீட்டில் வைக்காமல், ஊருக்குப் பொதுவான இடத்தில் விவசாயிகளுக்குத் தனித்தனி பூட்டுப் பெட்டியில் பூச்சிமருந்தை வைப்பது. ஊர்க்காரர்கள் இதை ஏற்றுக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது. மனச்சோர்வுக்கு சிகிச்சை தொடங்கும் டாக்டர், வீட்டாரிடம் "மருந்து டப்பாவைப் பூட்டி வையுங்க, சாவி வேற ஆள் கையில இருக்கட்டும்" என்று சொல்வதும் ஒருங்கிணைந்த சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

அப்படியென்றால் இங்கே என்ன இல்லை? ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, தாலுகா அளவில் அரசு மருத்துவமனை இருக்கிறது, திருவாரூரில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. யார் மாத்திரை நிறுத்தினார்கள், யார் வரவில்லை என்று கணக்கு வைத்துத் தேடிப்போகும் பழக்கம் ஏற்கெனவே உருவாகிவிட்டது. அதே பழக்கம் மனநல மாத்திரை எடுப்பவர்களுக்கும் உறுதியாகக் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு தாலுகாவிலும் "இவங்க ரெண்டு வாரமா வரல" என்று கவனிப்பதையே வேலையாக வைத்திருக்கும் ஒரு ஆள், ஒரு பட்டியல், அதை வாரம் ஒருமுறை பார்க்கும் ஒரு மனநல மருத்துவர். புதுக் கட்டடம் எதுவும் கேட்காத ஏற்பாடு இது.

ஊருக்குத் தெரிஞ்சிடுமே?

நியாயமான பயம். தேடி வருபவரே நம்ம தெருவைச் சேர்ந்த அக்காவாக இருக்கலாம். மனநல பராமரிப்புச் சட்டம், நோயாளியின் மனநலத் தகவலை ரகசியமாக வைத்திருப்பது சிகிச்சை தருபவர்களின் கடமை என்கிறது. சிகிச்சைக்காக இன்னொரு டாக்டருக்குச் சொல்வது வேறு, டீக்கடையில் சொல்வது வேறு. "வீட்டுக்கு வர வேண்டாம், போன் மட்டும் போதும்" என்று நீங்கள் கேட்கலாம். பொது ஓ.பி.யிலேயே, பி.பி. பார்க்கும் அதே அறையில் மனசுக்கும் பார்ப்பதில் ஒரு நன்மை இதுதான். வரிசையில் நிற்பவரைப் பார்த்து அவர் எதற்கு வந்தார் என்று யாராலும் சொல்ல முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

* ஒரே நோட்டு: குடும்பத்தில் மனநல சிகிச்சை எடுப்பவருக்கு ஒரு சின்ன நோட்டு போடுங்கள். நோயின் பெயர், மாத்திரையின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, அடுத்து வர வேண்டிய தேதி. எந்த டாக்டரிடம் போனாலும், பல் வலிக்குப் போனாலும், அதைக் காட்டுங்கள்.
* பழைய சீட்டு, மாத்திரை அட்டை: தூக்கிப் போடாதீர்கள். "வெள்ளை மாத்திரை, நடுவில் கோடு" என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் புரியாது.
* கிளம்பும் முன் கேளுங்கள்: "இதை எங்க ஊர் டாக்டருக்கு ரெண்டு வரி எழுதித் தர முடியுமா? இந்த மாத்திரை அங்கேயே கிடைக்குமா?" இந்த இரண்டு கேள்விகளே பல பஸ் பயணங்களை மிச்சப்படுத்தும்.
* எந்த நாள்?: மாவட்ட மனநலத் திட்டக் குழு குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வந்து பார்ப்பது வழக்கம். உங்கள் ஊருக்கு எந்த நாள் என்று பக்கத்து அரசு மருத்துவமனையிலோ, கிராம சுகாதார செவிலியரிடமோ விசாரியுங்கள்.
* பக்க விளைவா?: தானாக நிறுத்தாதீர்கள். போன் போட்டுச் சொல்லுங்கள். அளவை மாற்றலாம், வேறு மருந்து தரலாம்.
* நல்லாயிடுச்சா?: அப்போதும் டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். சரியான பிறகும் சில மாதங்கள் தொடர வேண்டியிருக்கும்.
* இன்சூரன்ஸ்: உடல் நோய்க்கு இருப்பது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது சட்டம். பாலிசி எடுக்கும்போது கேட்டு உறுதி செய்யுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

உயிரை விட்டுவிடுவேன் என்ற பேச்சு, யாருக்கும் தெரியாமல் பொருட்களைப் பிரித்துக் கொடுப்பது, நாள் கணக்கில் தூக்கமே இல்லாமல் சம்பந்தமில்லாமல் பேசுவது, காதில் குரல் கேட்கிறது என்று பயப்படுவது, பிரசவத்துக்குப் பிறகு தாயின் நடத்தை திடீரென மாறுவது. இதில் எதைக் கண்டாலும் தனியாக விடாதீர்கள், அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மனநல மருத்துவர் இல்லாத இடத்திலும் அவசர சிகிச்சையை எந்தப் பதிவு பெற்ற டாக்டரும் தொடங்கலாம், சட்டம் அதை அனுமதிக்கிறது. "திருவாரூர் போங்க, இங்க பார்க்க மாட்டோம்" என்ற பதிலோடு திரும்ப வேண்டியதில்லை.

மனசு பாரமாக இருக்கிறதா? பேசுவதற்கு ஆள் இருக்கிறார்கள்:
டெலி மானஸ் / நட்புடன் உங்களோடு மனநல சேவை - 14416
தமிழ்நாடு அரசு சுகாதார உதவி எண் - 104
சினேகா தற்கொலை தடுப்பு மையம், சென்னை - 044-24640050
அவசர ஆம்புலன்ஸ் - 108